கள்

கள் என்பது பனை, தென்னை ஆகிய மரங்களின் பாளையைச் சீவி இறக்கப்படும் சாறு புளித்து உருவாகும் மது. தமிழரின் மிகப் பழைய மதுவகைகளுள் ஒன்று. தமிழ்நாட்டில் 1987 முதல் இதை இறக்கவும் விற்கவும் தடை உள்ளது.

உருவாகும் முறை

மரமேறுபவர் விரியாத பாளையை இறுகக் கட்டி, நுனியைச் சீவி, அதில் கலயத்தைக் கட்டுவார். காலையும் மாலையும் மரமேறிப் பாளையைச் சீவினால்தான் சாறு தொடர்ந்து வடியும். வடியும்போது இச்சாறு இனிப்பானது. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதன் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றத் தொடங்கும். தனியாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. நன்கு புளித்த கள்ளில் சாராயச் சத்து ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு இருக்கும். மேலும் வைத்திருந்தால் அது காடியாகிவிடும். எனவே கள் அன்றன்றே, மரத்துக்கு அருகிலேயே குடிக்கப்படும் பானமாக இருந்து வந்தது.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நுண்ணுயிர்கள் பெருகா, சாறு புளிக்காது. அதுவே பதநீர். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்யப்படுகிறது. ஒரே மரத்தின் சாறு பதநீராவதும் கள்ளாவதும் ஒரு பூச்சுச் சுண்ணாம்பைப் பொறுத்தது.

பழந்தமிழ் நூல்களில்

சங்க நூல்கள் கள், நறவு, தேறல், தோப்பி, பிழி எனப் பல பெயர்களால் மதுவைக் குறிக்கின்றன. மன்னரும் புலவரும் சேர்ந்து குடிப்பது நட்பின் அடையாளமாக இருந்தது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல், சிறிதளவு கள் கிடைத்தால் அதைத் தமக்கே கொடுத்துவிடுவான் என்று அவனை நினைவுகூர்கிறது. திருக்குறளோ ‘கள்ளுண்ணாமை’ என்ற தனி அதிகாரத்தில் குடியைக் கடிந்துரைக்கிறது. இந்த இரு பார்வைகளும் தமிழ்ச் சமூகத்தில் இன்றுவரை தொடர்கின்றன.

மரத்துக் கள்ளோடு அரிசி மதுவும் அன்று இருந்தது. அரிசிக் களியை அகன்ற பாத்திரத்தில் ஆற்றி, நெல்முளையைக் கலந்து, சாடியில் இரண்டு நாள் புளிக்க வைத்து வடிப்பதைப் பெரும்பாணாற்றுப்படை விவரிக்கிறது. கொரியாவின் மக்கொல்லி என்ற அரிசி மதுவும் ஏறத்தாழ இதே போன்றது. அங்கு நெல்முளைக்குப் பதிலாக ‘நுருக்’ எனும் புளிப்புக் கட்டி சேர்க்கப்படுகிறது. அரிசிப் பற்றாக்குறையால் 1960-களில் கொரிய அரசு மக்கொல்லிக்கு அரிசியைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பின்னர் தடை நீங்கியது. 2021-ல் மக்கொல்லி வடிக்கும் மரபு தென்கொரியாவின் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் அரிசி மது பெரும்பாலும் வழக்கொழிந்தது; மரத்துக் கள் நிலைத்தது.

மதுவிலக்கும் தடையும்

1937-ல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3-ல் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. அதே ஆண்டில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1971-ல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறக்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அவை மூடப்பட்டு, 1981-ல் மீண்டும் திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. ஆலைகளில் தயாராகும் மதுவகைகளின் சில்லறை விற்பனையை 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே நடத்துகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னை மிகுதி. கண்மாய்க் கரைகளில் பனைகள் உண்டு. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் இம்மாவட்டத்தின் தென்னந்தோப்புகள் பேரழிவைச் சந்தித்தன. தேங்காய் விலையை மட்டும் நம்பியிருந்த விவசாயிகளின் நிலை அப்போது வெளிப்பட்டது. புளிக்காத தென்னஞ்சாறான ‘நீரா’வை உரிமம் பெற்று இறக்க 2017-ல் அரசு வழிசெய்திருந்தது.

வாதங்கள்

தடையை நீக்கக் கோருவோர், ஆலை மதுவை விற்கும் அரசு அதைவிடச் சாராயச் சத்துக் குறைந்த கள்ளைத் தடுப்பது முறையல்ல என்கின்றனர். கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்குவதையும், வட இலங்கையில் கூட்டுறவுச் சங்கங்கள் கள் விற்பதையும் எடுத்துக்காட்டுகின்றனர். மரமேறும் தொழில் நலிந்தால் பதநீரும் கருப்பட்டியும் கூடக் குறையும் என்பது அவர்களது கவலை.

எதிர்ப்போர், கள்ளில் போதைப் பொருள்களைக் கலப்பது எளிது என்றும், ஆயிரக்கணக்கான மரங்களில் இறங்கும் சாற்றைக் கண்காணிப்பது கடினம் என்றும் கூறுகின்றனர். மலிவான மது கூலித் தொழிலாளர் குடும்பங்களின் வருமானத்தை அரிக்கும் என்பதும் அவர்களது வாதம். கள் சில மணி நேரமே தாங்கும் பானம் என்பதால், ஆலை மதுவைப் போல ஓரிடத்தில் அடைத்துச் சோதித்து விற்பது எளிதல்ல. தடையை நீக்கினாலும் தொடர்ந்தாலும் எந்த விதிமுறையும் இந்தச் சிக்கலுக்கு விடை காண வேண்டியிருக்கும்.