மூப்பின் மறதியும் மூளையின் வெண்பொருளும்

மறதியை மூப்பின் இயற்கையென்று சொல்லி வாளாவிருப்பது நம்மவர் வழக்கமாய்ப் போயிற்று. ஆயுள் முழுதும் பட்டு நெய்த ஆரணி நெசவாளர் ஒருவர், பழகிய இழைக் கணக்கை மறந்து தடுமாறுவாராயின், "வயதாகிவிட்டது" என்று வீட்டார் அவரைத் தறியினின்றும் எழுப்பித் திண்ணையில் அமர்த்திவிடுகின்றனர். அது வியாதியாயிருக்கலாம் என்று எண்ணுவோர் சிலரே. 2023-ல் வெளியான தேசியக் கணிப்பின்படி, இந்தியாவில் 60 வயது கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதி நோய்க்கு ஆளானவர்கள். பட்டணங்களினும் கிராமங்களிலேயே இது மிகுதி.

இந்நோய்களுள் தலையாயது அல்ஸைமர் நோய். 1906-ல் ஜெர்மானிய வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர் இதனை எடுத்துரைத்த காலத்தில், இறந்தவர் மூளையை அறுத்துப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை. இன்றோ உயிரோடிருப்பவர் மூளையை எம்.ஆர்.ஐ. படம் காட்டுகிறது. மூளையின் பகுதிகளைப் பிணைக்கும் நரம்பிழைத் தொகுதிக்கு வெண்பொருள் என்று பெயர். இழைகளைப் போர்த்திய கொழுப்புறையே அவ்வெண்மைக்குக் காரணம். இழை செம்மையாயிருப்பின் நீர்த்துகள்கள் பெரும்பாலும் அதன் நெடுக்கிலேயே அசையும்; இழை சிதைந்தால் அவ்வொழுங்கு குலையும். 1994 முதல் வளர்ந்து வந்த ஒரு படமுறை இவ்வசைவை அளக்கிறது. ஒருவரையே சில ஆண்டு இடைவிட்டுப் படமெடுத்து ஒப்பிட்டால், எவ்விடத்து இழை நலிகிறதென்று காணலாம். பாவில் இழை தளர்வதைப் புடவை கெடுமுன் காணும் நெசவாளருக்கு இதன் பயனை நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும், இம்மாறுதல் அல்ஸைமருக்கே உரியதன்று. மூப்பினாலும், இரத்த அழுத்தத்தாலும், நீரிழிவாலும் வெண்பொருள் கெடும். ஒற்றைச் சாட்சியைக் கொண்டு தீர்ப்பளித்தல் நீதியாகாது. படமும் அத்தகைய சாட்சியே.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து மூளை ஆராய்ச்சி மையம், கோலார் ஜில்லா ஸ்ரீநிவாசபுரம் தாலுகா கிராமங்களில், 45 வயதும் அதற்கு மேலுமான 10,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராயத் திட்டமிட்டு நடத்திவருகிறது. மூளைப் படமும் அதில் அடங்கும். அந்நிய நாட்டார் படங்களையே அளவுகோலாக்கி நம்மவர் மூளையை எடைபோடும் நிலைமை ஒழிய இதுவே வழி. தமிழ்நாட்டு நெசவூர்களிலும் இத்தகைய முயற்சி ஏன் நடைபெறலாகாது?

மறதி நோயில் 45 சதவீதம் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடியதென்று 2024-ல் லான்செட் ஆணைக்குழு கணித்தது. கல்விக் குறைவும், செவிட்டுத்தன்மையும், இரத்த அழுத்தமும், நீரிழிவும் அது கூறிய 14 காரணங்களுள் சேர்ந்தவை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் வீடுதேடிச் சென்று கவனிப்பதற்காக ஏற்பட்டது. வீட்டு வாசலில் முதியோரின் நினைவாற்றலையும் விசாரித்து, ஐயமுள்ளோரை ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் செலவின்றிப் படமெடுக்கச் செய்தல் சர்க்காரின் கடமை. ஆரணிப் பிரமுகர்களும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் இதனை வற்புறுத்திக் கேட்டுப் பெறுவார்களாக.