ரிமோட்டில் ஏறும் கார் கண்ணாடி: வாங்கும் முன்பும் மாட்டிய பின்பும்

‘விண்டோஸ்’ என்றதும் இந்த இதழின் வாசகர்களுக்கு ஒன்றுதான் நினைவுக்கு வரும். இந்த மாதம் நாம் பார்க்கப் போவது வேறு விண்டோஸ். கார் கதவில் இருக்கிறதே, அந்தக் கண்ணாடி ஜன்னல். கார் ஜன்னலுக்கும் கம்ப்யூட்டர் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காரைப் பூட்டியதும் எல்லாக் கண்ணாடிகளையும் தானே ஏற்றிவிடும் ஒரு சின்ன கறுப்புப் பெட்டியை இப்போது கார் அக்சஸரீஸ் கடைகளில் மாட்டித் தருகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப் இருக்கிறது. அதில் ஒரு புரோகிராம் ஓடுகிறது. கீபோர்டும் இல்லை, மானிட்டரும் இல்லை. ஆனாலும் அது ஒரு கம்ப்யூட்டர்தான். நம் மேஜை மேல் இருப்பது தப்பு செய்தால் ஒரு பைல் போகும். இது தப்பு செய்தால் ஒரு குழந்தையின் கை மாட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கதவுக்குள் 12 வோல்ட் மோட்டார் ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டே வயர்கள். ஒன்றில் பிளஸ், மற்றதில் மைனஸ் கொடுத்தால் கண்ணாடி ஏறும். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் இறங்கும். கதவில் இருக்கும் ஸ்விட்ச் செய்வது இந்த மாற்றலைத்தான். கடையில் வாங்கும் மாட்யூலை ஸ்விட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் சேர்ப்பார்கள். உள்ளே ஒவ்வொரு மோட்டாருக்கும் இரண்டு ரிலேக்கள் இருக்கும். சென்ட்ரல் லாக்கிலிருந்து ‘பூட்டியாகிவிட்டது’ என்ற சிக்னல் வந்ததும், சிப் ஒரு ரிலேயை இழுத்து கண்ணாடியை ஏற்றும். மாட்டி முடித்ததும் ஒரு கண்ணாடி ஏற, இன்னொன்று இறங்குகிறதா? பயப்பட வேண்டாம். அந்தக் கதவின் மோட்டார் வயர்கள் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். இருக்கும் கோளாறுகளிலேயே எளிதானது இதுதான்.

கண்ணாடி மேலே போய்ச் சேர்ந்தது என்பது சிப்புக்கு எப்படித் தெரியும்? எல்லா விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மோட்டார் தடையில்லாமல் ஓடும்போது குறைந்த கரண்ட்தான் எடுக்கும். கண்ணாடி மேல் விளிம்பில் முட்டி மோட்டார் சுற்ற முடியாமல் நின்றால் கரண்ட் பல மடங்கு எகிறும். சிப் இந்தக் கரண்டை அளந்துகொண்டே இருக்கும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ரிலேயை விட்டுவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. மோட்டார் கிளம்பும் அந்த முதல் நொடியிலும் கரண்ட் எகிறத்தான் செய்யும். அதையும் ‘முட்டிவிட்டது’ என்று எடுத்துக்கொண்டால் கண்ணாடி நகரவே நகராது. எனவே புரோகிராம் எழுதுபவர் ஆரம்பத்தில் சிறிது நேரத்துக்கு எதையும் பார்க்காதே என்று எழுதி வைப்பார். எவ்வளவு நேரம், எந்த அளவு கரண்ட் என்ற இரண்டு எண்களில்தான் நல்ல மாட்யூலுக்கும் மோசமான மாட்யூலுக்கும் உள்ள வித்தியாசம் அடங்கியிருக்கிறது. புரோகிராம் எழுதுவதே என் தொழில் என்பதால் சொல்கிறேன்: இந்த மாதிரி இரண்டு எண்களைச் சரியாகப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கம்பெனியிலிருந்தே ஒரு தட்டில் ஏறும் வசதியோடு வரும் கார்களில் பொதுவாக மோட்டாருக்குள் ஹால் சென்சார் இருக்கும். மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்று அது எண்ணும். கண்ணாடி பாதியில் இருக்கிறதா, உச்சியில் இருக்கிறதா என்று காருக்குத் தெரியும். பாதி வழியில் தடை வந்தால் ‘ஏதோ மாட்டிவிட்டது’ என்று புரிந்துகொண்டு கண்ணாடியைக் கீழே இறக்கும். கடையில் வாங்கி மாட்டும் மாட்யூல்கள் பெரும்பாலும் கரண்டை மட்டும்தான் பார்க்கின்றன. உச்சியில் முட்டியதா, ஒரு கை மாட்டியதா என்று அதற்குத் தெரியாது. இரண்டும் அதற்கு ஒன்றுதான். எனவே அது நின்றுவிடும், இறக்காது. மாட்டிய கை மாட்டியபடியே இருக்கும்.

இன்னும் மலிவானவை கரண்டைக்கூடப் பார்ப்பதில்லை. ‘இத்தனை நொடி ஏற்று’ என்று வெறும் டைமர் மட்டும்தான். உங்களிடம் இருப்பது எது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. கண்ணாடியை முழுவதும் ஏற்றி வைத்துவிட்டுக் காரைப் பூட்டுங்கள். மாட்யூலிலிருந்து ‘டிக்’ என்ற ரிலே சத்தம் கேட்கும். உடனே இரண்டாவது ‘டிக்’ கேட்டால் அது கரண்டைப் பார்க்கும் வகை. மோட்டார் முக்கிக்கொண்டே இருந்து பல நொடிகள் கழித்து இரண்டாவது ‘டிக்’ வந்தால் அது டைமர் வகை. அப்படியானால் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மோட்டார் கெடுவது இருக்கட்டும், குழந்தைகள் ஏறும் காரில் அது இருக்கவே கூடாது.

அமெரிக்காவில் இதற்கென்றே எஃப்எம்விஎஸ்எஸ் 118 என்ற விதி இருக்கிறது. தானே திரும்பி இறங்கும் வகைக் கண்ணாடி, நடுவில் மாட்டிய பொருளின் மீது 100 நியூட்டன் அழுத்தம் வருவதற்குள் திரும்பிவிட வேண்டும். சுமார் 10 கிலோ எடையை வைத்தது போன்ற அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரும்பும் வசதி இல்லாமல் ரிமோட்டில் கண்ணாடியை ஏற்றுவதாக இருந்தால், பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் ஏற வேண்டும். ரிமோட் 6 மீட்டருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. நடுவில் சுவர் போன்ற மறைப்பு இருந்தால் வேலை செய்யாத ரிமோட்டாக இருந்தால் மட்டும் 11 மீட்டர் வரை அனுமதி. காரணம் எளிது. ஏற்றுகிறவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் அட்டைப்பெட்டி மேல் ‘50 மீட்டர் ரேஞ்ச்’ என்று பெரிதாகப் போட்டு அதையே சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். என்னைக் கேட்டால் அது ஒரு குறை.

அக்கா வீட்டுக் கார்

என் அக்கா வீட்டில் ஒரு சிறிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறார்கள். முன் கதவு இரண்டிலும் பவர் விண்டோ உண்டு. அத்தான் ஒரு கடையில் கொடுத்து ரிமோட் மாட்யூல் போட்டார். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு இடது பக்கக் கண்ணாடி பாதியில் நிற்க ஆரம்பித்தது. கடைக்கு எடுத்துப் போனார்கள். ஐந்தே நிமிடம், சரியாகிவிட்டது. அத்தானுக்கு மகிழ்ச்சி.

அடுத்த வாரம் நான் போயிருந்தபோது மாட்யூலின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே சென்சிடிவிட்டியைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு ஒன்று இருந்தது. அதைக் கடைசிவரை திருகி வைத்திருந்தார்கள். அதாவது எவ்வளவு கரண்ட் எகிறினாலும் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். அக்கா மகளுக்கு மூன்று வயது. சீட்டில் நின்றுகொண்டு கண்ணாடி விளிம்பைப் பிடித்துத் தொங்குவதுதான் அவள் விளையாட்டு.

கடைக்கே போய்க் கேட்டேன். “தம்பி, கண்ணாடி ஏறலைன்னு கொண்டாந்தீங்க. இப்ப ஏறுதுல்ல?” என்றார் அங்கிருந்த எலக்ட்ரீஷியன். அவர் வரையில் அது நியாயமான பதில். ஆன்டிவைரஸ் அடிக்கடி எச்சரிக்கை காட்டுகிறது என்பதற்காக ஆன்டிவைரஸையே நிறுத்திவிட்டு ‘இப்போது தொல்லை இல்லை பாருங்கள்’ என்று சொல்லும் கம்ப்யூட்டர் மெக்கானிக்கும் நியாயமாகத்தான் பேசுவார்.

உண்மையான கோளாறு மாட்யூலில் இல்லை. கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலில் மண்ணும் தூசியும் அடைந்து இறுகிப் போயிருந்தது. கண்ணாடி சிரமப்பட்டு ஏற, கரண்ட் கூடியது. சிப் சரியாகவே அதைத் தடை என்று எடுத்துக்கொண்டு நின்றது. ஈரத் துணியை ஒரு மெல்லிய ஸ்கேலில் சுற்றி சேனலை மேலிருந்து கீழ் வரை துடைத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகு சிலிக்கோன் ஸ்பிரே அடித்தேன். எண்ணெயோ கிரீஸோ போடக் கூடாது. ரப்பர் ஊறிக் கெடும், தூசி இன்னும் ஒட்டும். பிறகு அந்தத் திருகைப் பழையபடி குறைத்துக்கொண்டே வந்து, கண்ணாடி தடையில்லாமல் ஏறும் மிகக் குறைந்த இடத்தில் நிறுத்தினேன்.

சோதித்துப் பார்க்க வாழைத்தண்டு மாதிரி வேறு பொருள் கிடையாது. ஒரு சாண் துண்டைக் கண்ணாடிக்கும் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து ஏற்றிப் பாருங்கள். லேசான தடம் மட்டும் பதிந்து கண்ணாடி நின்றால் அல்லது திரும்பினால் பரவாயில்லை. தண்டு நசுங்கிச் சாறு வந்தால் அந்த மாட்யூல் உதவாது. தயவுசெய்து கையை வைத்துச் சோதிக்காதீர்கள். அக்கா வீட்டு மாட்யூல் நின்றது, ஆனால் இறங்கவில்லை. எனவே பூட்டியதும் தானே ஏறும் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். இப்போது ரிமோட் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஏறும், விட்டால் நிற்கும். எல்லா மாட்யூலிலும் இந்த வசதி கிடையாது. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி இறங்கினால்

அதே காரில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஐந்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி பழசு என்றார்கள். புதிது போட்டும் அதே கதை.

இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். சாவியை எடுத்துவிட்டு, காரைப் பூட்டி, அரை மணி நேரம் விடுங்கள். காரில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கப் போக அவ்வளவு நேரம் ஆகலாம். பிறகு பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். மீட்டரின் ப்யூஸ் போய்விடும். இணைத்ததும் சில சாதனங்கள் விழித்துக்கொள்ளும். மறுபடி சற்றுப் பொறுத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாக நல்லது. இங்கே 190 காட்டியது. கணக்குப் போடுங்கள்: ஒரு நாளைக்கு 4.5 ஆம்பியர்-அவருக்கு மேல். ஐந்து நாளில் 22-ஐத் தாண்டிவிடும். பேட்டரியோ 35 ஆம்பியர்-அவர்தான்.

மாட்யூலின் ப்யூஸைப் பிடுங்கியதும் மீட்டர் 20-க்கு இறங்கியது. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர வேண்டிய வயரை, எப்போதும் கரண்ட் இருக்கும் வயரில் இணைத்திருந்தார்கள். சாவி எப்போதும் போட்டிருக்கிறது என்று நினைத்து மாட்யூல் ஒரு ரிலேயை இரவு பகலாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தது. ஸ்லீப் போகாத லேப்டாப்பை மூடி பைக்குள் வைத்தது போல. ஒரே ஒரு வயரை மாற்றியதும் தீர்ந்தது.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

கதவின் உள் அட்டையைக் கழற்றினால் ஒரு பாலிதீன் ஷீட் இருக்கும். அது மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது. கிழித்துப் போட்டுவிடுவார்கள், திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். வயர்களை முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம், சால்டர் செய்ய வேண்டும் அல்லது கிரிம்ப் செய்ய வேண்டும். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய் வழியாகத்தான் வயர் போக வேண்டும். கீல் பக்கம் வெளியே விட்டால் திறந்து மூடியே வயர் அறுந்துவிடும். பேட்டரியிலிருந்து வரும் பிளஸ் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ப்யூஸ் இருக்க வேண்டும். மஞ்சள் நிற கனெக்டர், மஞ்சள் உறை போட்ட வயர் எதையும் தொடக் கூடாது. அது ஏர்பேக். புதிய கார் என்றால், வயரை வெட்டினால் எலக்ட்ரிக்கல் வாரண்டி என்னாகும் என்று ஷோரூமில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிமோட் பக்கத்தில் வந்தால்தான் வேலை செய்கிறது என்றால் முதலில் ரிமோட்டின் செல்லை மாற்றுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் மாட்யூலின் ஆன்டெனாவைப் பாருங்கள். இந்த ரிமோட்கள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. அதற்கு கால் அலை நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். மாட்யூலிலிருந்து தொங்கும் அந்த ஒற்றை வயர்தான் ஆன்டெனா. நீளமாக இருக்கிறது என்று வெட்டியோ, மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டியோ வைத்திருப்பார்கள். வை-பை ரவுட்டரை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிய கதைதான். அவிழ்த்து, இரும்பில் படாமல் நேராக விடுங்கள்.

கடைசியாக ரிமோட்டின் பாஸ்வேர்ட். மலிவான ரிமோட்கள் ஒவ்வொரு முறையும் ஒரே கோடை அனுப்புகின்றன. காற்றில் போவதை ஒருவர் பதிவு செய்து மறுபடி அனுப்பினால் உங்கள் கார் அவருக்கும் திறக்கும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கோட் மாறும் ரோலிங் கோட் வகை எவ்வளவோ மேல். அதிலும் ஓட்டை உண்டு. பரவலாகப் பயன்பட்ட கீலாக் என்ற முறையை ஜெர்மனியின் போகும் நகரப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் உடைத்துக் காட்டினார்கள். இருந்தாலும் ஒரே கோடோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. ‘ரோலிங் கோட்’ என்று அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு ரிமோட் தொலைந்தாலோ, பழைய காரை இந்த மாட்யூலோடு வாங்கினாலோ, பெட்டியில் இருக்கும் லேர்ன் பட்டனை விளக்கு அணையும் வரை அழுத்திப் பிடித்து எல்லா ரிமோட்களையும் அழித்துவிடுங்கள். எத்தனை நொடி என்பது மாடலுக்கு மாடல் மாறும். கூட வந்த தாளில் போட்டிருப்பார்கள். பிறகு கையில் இருக்கும் ரிமோட்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.