காலடியில் ஓர் எண்ணெய்க் கிணறு

நமது தேசத்தில் எண்ணெய்க் கிணறுகளே இல்லையென்று சொல்ல முடியாது. அஸ்ஸாமில் திக்பாய் என்னும் இடத்தில் 1889-ஆம் வருஷத்திலேயே எண்ணெய் அகப்பட்டது. 1974-இல் பம்பாய்க்கு மேற்கே, கடலுக்கடியில் பெரியதோர் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. இருந்தபோதிலும், இன்று நாம் உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்தே கப்பலேறி வருகிறது. எங்கோ ஒரு வளைகுடாவில் பீரங்கி முழங்கினால், நம் ஊர்க் கறிகாய்க் கடையில் கத்தரிக்காய் விலை ஏறுகிறது. சுதந்திரம் பெற்ற ஒரு நாட்டுக்கு இது பெருமை தரும் நிலைமையன்று.

புதிய கிணறுகளைத் தேடித் தோண்டுவது சர்க்காரும் நிபுணர்களும் செய்ய வேண்டிய காரியம். ஆனால் தோண்டாமலே எண்ணெய் கிடைக்கக்கூடிய கிணறுகள் இரண்டு உண்டு. ஒன்று, கார் ஓட்டுகிறவரின் வலது காலடியில் இருக்கிறது. மற்றொன்று, எந்த வண்டியை வாங்கலாமென்று குடும்பத்தார் உட்கார்ந்து யோசிக்கும் கூடத்தில் இருக்கிறது. இவ்விரண்டையும் பற்றி இங்கே சற்று விசாரிப்போம்.

காற்று கேட்கும் கூலி

ஓடுகின்ற கார் பலவற்றோடு போராட வேண்டியிருக்கிறது. டயர் தரையில் அமுங்கி உருள்வதால் உண்டாகும் தடை ஒன்று. நின்ற வண்டியைக் கிளப்பி வேகப்படுத்துவதற்கு வேண்டிய சக்தி இன்னொன்று. மூன்றாவது, எதிரே நிற்கும் காற்று. வண்டி மெதுவாகப் போகும்போது காற்று மரியாதையாக விலகி வழி விடுகிறது. வேகம் ஏற ஏற, அதே காற்று சுவர்போல் எதிர்த்து நிற்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது என்பது பௌதிக சாஸ்திரம் கண்ட உண்மை.

நானூறு கிலோமீட்டர் தூரமுள்ள ஒரு பிரயாணத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 6 மணி 40 நிமிஷம் ஆகும். 80-இல் சென்றால் 5 மணி. 100-இல் 4 மணி. 120-இல் 3 மணி 20 நிமிஷம். அதாவது, ஒவ்வொரு முறை 20 கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டும்போதும் நமக்கு மிஞ்சும் நேரம் முறையே 100 நிமிஷம், 60 நிமிஷம், 40 நிமிஷம் என்று குறைந்துகொண்டே வருகிறது.

இனி, காற்று கேட்கும் கூலியைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை விலக்குவதற்கு ஆகும் செலவை 36 என்று வைத்துக்கொண்டால், 80-இல் அது 64, 100-இல் 100, 120-இல் 144. கூடுதல் செலவு முறையே 28, 36, 44 என்று ஏறிக்கொண்டே போகிறது. கிடைக்கும் லாபம் இறங்க, கொடுக்கும் விலை ஏறும் இத்தகைய வியாபாரத்தை எந்த மளிகைக் கடைக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நாமோ சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டு ஓட்டுகிறோம்!

அப்படியானால் மாட்டு வண்டியைப்போல் ஊர்ந்து செல்வது உத்தமமா என்று சிலர் கேட்கலாம். அதுவும் இல்லை. என்ஜின் சுழன்றுகொண்டிருப்பதற்கே ஓரளவு பெட்ரோல் செலவாகிறது. வண்டி மிகவும் மெதுவாகப் போனால், அந்தச் செலவு குறைந்த தூரத்தின் மேலேயே விழுகிறது. ஆகையால் ஒவ்வொரு வண்டிக்கும் இடைநடுவே ஒரு நல்ல வேகம் உண்டு. நமது மத்திய சர்க்காரின் ஆதரவில் 1978-இல் ஏற்பட்ட பெட்ரோலியம் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வரை செல்வது சிக்கனமென்று சொல்லி வந்திருக்கிறது. 80-ஐத் தாண்டிவிட்டால் சிக்கனம் வெகு சீக்கிரம் குறைகிறதென்பது அமெரிக்க நிபுணர்கள் கண்ட முடிவு. மின்சாரக் காருக்கும் காற்று சலுகை காட்டுவதில்லை. வேகம் மிஞ்சினால் அதன் பாட்டரியும் சீக்கிரமே வற்றிவிடுகிறது.

ஒரு தேசம் செய்த பரீட்சை

இவையெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கல்ல. ஒரு பெரிய தேசமே பரீட்சை செய்து பார்த்த விஷயம். 1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் யுத்தம் மூண்டது. அரபு நாடுகள் அமெரிக்கா முதலிய சில தேசங்களுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. அந்தச் சமயத்தில்தான், பெட்ரோல் விலையை உயர்த்தியதை ஆட்சேபித்து, ஸ்ரீ அடல் பிஹாரி வாஜ்பாயி டில்லியில் மாட்டு வண்டியேறிப் பார்லிமெண்டுக்குச் சென்றார்.

அமெரிக்காவில் ஜனாதிபதி நிக்ஸன் 1974 ஜனவரி 2-ஆம் தேதி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தேசமெங்கும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டருக்கு மேல் எவரும் ஓட்டக் கூடாதென்று அதன் மூலம் ஏற்பாடாயிற்று. 1973-இல் அந்நாட்டுச் சாலை விபத்துக்களில் சுமார் 54,000 பேர் மாண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டில் அத்தொகை சுமார் 45,000 ஆகக் குறைந்தது. பிரயாணமே குறைந்துபோனதும் இதற்கு ஒரு காரணந்தான். ஆயினும் வேகம் தணிந்ததற்கும் இதில் பங்கு உண்டு. எண்ணெயைக் காப்பதற்காகச் செய்த சட்டம் உயிர்களையும் காத்தது.

ஆனால் எண்ணெய் விஷயத்தில், எதிர்பார்த்த அளவு மிச்சம் ஏற்படவில்லை. காரணம் எளிது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. கால் ஆக்ஸிலரேட்டரின் மேல் இருந்தது. போலீஸ்காரர் கண்ணில் படும் வரையில் பலர் தங்கள் இஷ்டம்போலவே ஓட்டினார்கள். 1987-இல் சட்டம் தளர்ந்தது. 1995-இல் அடியோடு ரத்தாயிற்று.

இதைவிட அதிகப் பலன் தந்தது 1975-இல் பிறந்த மற்றொரு சட்டம். அது ஓட்டுகிறவரை விட்டுவிட்டு வண்டியைப் பிடித்தது. ஒவ்வொரு கம்பெனியும் விற்கும் புதுக் கார்கள் 1978-இல் சராசரி காலனுக்கு 18 மைலும், 1985-இல் 27½ மைலும் ஓட வேண்டுமென்று அது விதித்தது. நமது கணக்கில் சொன்னால், லிட்டருக்கு ஏறக்குறைய 7½ கிலோமீட்டர் என்பது 11½ கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்தது. கார்கள் இளைத்தன, எண்ணெய் மிஞ்சிற்று.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. சிறு லாரி வகையைச் சேர்ந்த வண்டிகளுக்கு விதியைத் தளர்த்தியிருந்தார்கள். நாளடைவில் குடும்பங்கள், கடைக்குப் போவதற்கும் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்குங்கூட, அந்த வகையைச் சேர்ந்த உயரமான, கனமான வண்டிகளையே வாங்கத் தொடங்கின. உழக்கால் அளந்து சேர்த்ததை மரக்காலால் அளந்து கொட்டிய கதையாயிற்று.

கூடத்தில் நடக்கும் ஆலோசனை

நம் நாட்டிலும் அந்த ஆசை தலையெடுத்திருக்கிறது. பல காலம் நமது சாலைகளில் ஆட்சி செலுத்தியது ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள அம்பாஸிடர். 1983 டிஸம்பரில் 796 கன சென்டிமீட்டர் என்ஜினுடன் வந்த சின்னஞ்சிறு மாருதி, ஒரு குடும்பத்துக்கு அவ்வளவு பெரிய இரும்புப் பெட்டி அவசியமில்லையென்று காட்டிற்று. இப்போதோ, ஒருவர் ஆபீசுக்குச் சென்று திரும்புவதற்கு ஏழு பேர் உட்காரும் வண்டி வேண்டியிருக்கிறது! நகரத்தில் வண்டி நிமிஷத்துக்கொரு தரம் நின்று கிளம்புகிறது. ஒவ்வொரு முறையும் அந்த எடை முழுவதையும் கிளப்பி ஓடச் செய்வதற்கான பெட்ரோல், பிரேக்கை மிதித்ததும் வெறும் சூடாக மாறி வீணாகிறது. நெடுஞ்சாலையிலோ உயர்ந்த, அகன்ற முகப்பு காற்றை வலிய இழுத்துச் சண்டைக்கு அழைக்கிறது.

வண்டி வாங்குவோர் ஒரு கணக்கையும் கவனிக்க வேண்டும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதே நமது வழக்கம். இந்தக் கேள்வி மனிதரை ஏமாற்றுகிறதென்று 2008-இல் லாரிக், ஸோல் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் எடுத்துக்காட்டினார்கள். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவர், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடும் வண்டியை விட்டு, 30 ஓடும் வண்டிக்கு மாறுகிறார். இன்னொருவர் 8 ஓடும் வண்டியிலிருந்து 12-க்கு மாறுகிறார். யாருக்கு லாபம் அதிகம்? முதலாமவர் என்றே தோன்றும். ஆனால் முதலாமவருக்கு 60 லிட்டர் 40 ஆகிறது. மிச்சம் 20 லிட்டர். இரண்டாமவருக்கோ 150 லிட்டர் 100 ஆகிறது. மிச்சம் 50 லிட்டர்! ஆகவே நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பதே சரியான கேள்வி. பெரிய வண்டியை விலக்குவதே பெரிய லாபம்.

எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதும் கணக்கில் சேர வேண்டும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரில் ஒருவர் தனித்துச் சென்றால் பயன் 15. நால்வர் சென்றால் 60. ஒரு பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர்தான் ஓடுகிறதென்று வைத்துக்கொண்டாலும், 50 பேர் ஏறினால் பயன் 200. நாம் ஏளனமாகப் பார்க்கும் டவுன் பஸ்ஸே சிக்கனத்தில் சிரேஷ்டமானது.

இன்றே செய்யக் கூடியவை

வண்டியை நாளைக்கே மாற்றிவிட எல்லோராலும் முடியாது. ஆனால் ஓட்டும் முறையை இன்றைக்கே மாற்றலாம். திடீரென்று பாய்வதும் திடீரென்று நிறுத்துவதும் நெடுஞ்சாலையில் 100-க்கு 15 முதல் 30 பங்கு வரையில் சிக்கனத்தைக் கெடுத்துவிடுமென்று அமெரிக்க சர்க்காரின் எரிசக்தி இலாகா கணக்கிட்டிருக்கிறது. நின்ற இடத்தில் என்ஜினை ஓட விட்டால் மணிக்கு 1 முதல் 2 லிட்டர் வரையில் புகையாய்ப் போகும். டயரில் காற்று குறைந்தால் வண்டி சேற்றில் நடப்பதுபோல் திணறும். மேல்கூரையில் பெட்டி படுக்கைகளைக் கட்டினால் காற்றின் கூலி இன்னும் ஏறும்.

வீட்டில் பால் கணக்கு எழுதுகிறோம். சலவைக் கணக்கு எழுதுகிறோம். பெட்ரோல் கணக்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால் என்ன? ஊற்றிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் மாதந்தோறும் குறித்து, வகுத்துப் பார்க்கும் பொறுப்பைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். தகப்பனாரின் காலுக்கு அதைவிடக் கண்டிப்பான போலீஸ்காரர் கிடைக்க மாட்டார். அமெரிக்காவின் சட்டத்தால் முழுவதும் சாதிக்க முடியாததை, நம் வீட்டு நோட்டுப் புத்தகம் சாதித்தாலும் சாதிக்கும்.