மூணு நாள் ஆகும்

ஓசூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். மார்கழிக் காலை, ஏழரை மணி. கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண் ஒருத்தி, கழுத்தில் அடையாள அட்டையும் தலையில் குல்லாவுமாகக் கவுன்டரில் நிற்கிறாள். நீர்க்கடுப்பு, இரண்டு நாள் காய்ச்சல்.

"அக்கா, இன்னைக்கே ரிப்போர்ட் குடுக்க முடியாதா? மதியம் ஷிஃப்டு இருக்கு."

"யூரின் ரொட்டீன் சாயந்தரமே குடுத்துடுவேன்மா. கல்ச்சர் வர மூணு நாள் ஆகும்."

"மெஷின்ல போட்டா உடனே வராதா?"

"மெஷின்ல வர்றது இல்லம்மா. அது வளரணும்."

பக்கத்தில் நின்றிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று காலை என் வீட்டிலும் ஒன்று வளரவில்லை. முதல்நாள் இரவு அரைத்து வைத்த இட்லி மாவு, வைத்த மட்டத்திலேயே இருந்தது. கீழே கிருஷ்ணகிரியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே மார்கழியில் மாவுப் பாத்திரத்துக்குப் போர்வை போர்த்த வேண்டும், அல்லது அடுப்பு அணைத்த சூட்டில் ஒண்ட வைக்க வேண்டும். பரிசோதனை நிலையத்துக்காரர்கள் அதையே ஒரு பெட்டிக்குள் செய்கிறார்கள். இன்குபேட்டர் என்று பெயர். உள்ளே எப்போதும் 35, 37 டிகிரி, அதாவது நம் உடம்புச் சூடு. மார்கழி அந்தப் பெட்டிக்குள் நுழைவதில்லை.

கல்ச்சர் என்பது புளிக்க வைப்பதுதான். பாலில் ஒரு சொட்டு உறைமோர் விட்டால் காலையில் தயிர். (இந்த ஊரில் அதற்குத் தயிர், பெருகு, மொசரு என்று மூன்று பெயர்.) கிருமி ஒன்றே ஒன்று இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. தீனி போட்டுக் கதகதப்பாக வைத்தால் பெருகி, கண்ணுக்குத் தெரிகிற குவியலாகிவிடும். ஒரே வித்தியாசம், தயிருக்கு விடும் உறை நமக்குத் தெரிந்த வீட்டு உறை. நோயாளி கொண்டுவரும் உறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை சமையலும்.

முதலில் சிறுநீர் பிடிக்கிற அந்தச் சின்ன டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி ரிப்போர்ட் அங்கேதான் கெட்டுப்போகிறது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள் என்று சொல்லிக் கொடுப்பார்கள். தோலில் குடியிருக்கும் கிருமிகளை முதல் தாரை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் அந்த ஏற்பாடு. பிடித்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். நல்ல தீனியும் சூடும் இருந்தால் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். டப்பாவுக்குள் அத்தனை வேகம் வராது. 40 நிமிடத்துக்கு ஒருமுறை என்றே வைத்துக்கொள்வோம். மேசைமேல் இரண்டு மணி நேரம் கிடந்தால் எட்டு மடங்கு. மில்லிலிட்டருக்கு 20 ஆயிரமாக இருந்தது ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆகிவிடும். சிறுநீர்த் தொற்று என்று சொல்வதற்கு வழக்கமாக வைத்திருக்கும் கோடு ஒரு லட்சம். அந்த டப்பா பெங்களூரில் உள்ள பெரிய லேபுக்குப் போக வேண்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் இல்லாத பையில் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டால், இல்லாத வியாதியை வழியிலேயே சம்பாதித்துக்கொண்டு போய்ச் சேரும். இன்னொரு பக்கம், டப்பா கொடுப்பதற்கு முன்பே மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். கொதிக்கிற பாலில் உறை ஊற்றுகிற கதை அது. ஒன்றும் வளராது, 'கிருமி இல்லை' என்று ரிப்போர்ட் வரும், காய்ச்சல் மட்டும் இருக்கும்.

இனி தட்டு. கிருமிக்கு எதில் பரிமாறுவது என்பது 1880-களில் பெரிய தலைவலி. ராபர்ட் கோக் முதலில் வேகவைத்த உருளைக்கிழங்கை வில்லையாக வெட்டி அதன்மேல் வளர்த்துப் பார்த்தார். எல்லாக் கிருமிக்கும் உருளைக்கிழங்கு பிடிக்கவில்லை. பிறகு ஜெலட்டின். அது வெயில் காலத்தில் உருகி ஓடியது, போதாதற்குச் சில கிருமிகள் தட்டையே தின்று கரைத்துவிட்டன. கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே என்ற டாக்டர் இதில் அல்லாடிக்கொண்டிருந்தபோது, வழி காட்டியவர் அவர் மனைவி ஃபேனி. அவர் செய்யும் ஜெல்லியும் புட்டிங்கும் வெயிலிலும் உருகாமல் நிற்கும். ஜாவாவில் வாழ்ந்து வந்த ஒரு தெரிந்தவரிடம் கற்ற கைப்பக்குவம், அதில் போடுவது அகார் அகார். நம் ஊரில் நோன்பு திறக்கும் நேரத்தில் வெட்டி வைக்கிறார்களே, அதே கடல்பாசி. கோக் 1882-ல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது அகாரைப் போகிற போக்கில் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயரைச் சொல்லவில்லை. மூடி போட்ட வட்டத் தட்டுக்கு மட்டும் 1887-ல் அதைச் சொன்ன பெட்ரியின் பெயர் நிலைத்துவிட்டது. பாத்திரத்துக்குப் பெயர், பதார்த்தத்துக்கு இல்லை.

கடல்பாசியின் சூட்சுமம் ஒன்றுண்டு. கரைய 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஆனால் ஒருமுறை கரைந்துவிட்டால் 40-க்குக் கீழே இறங்கும் வரை உறையாது. உறைந்ததை 37 டிகிரிப் பெட்டியில் வைத்தால் உருகவும் உருகாது. ஜெலட்டின் தோற்ற இடம் அதுதான். ராமேசுவரம், மண்டபம் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறிக்கிறார்கள். இரண்டுமே அகார் எடுக்கிற பாசிகள். அகார் வெறும் கட்டி நிற்கும் பொருள்தான், கிருமிக்கு அது சாப்பாடு இல்லை. சாப்பாட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும்: இறைச்சிச் சாறு, பால் புரதம், உப்பு, சில தட்டில் ஆட்டு ரத்தம்.

ரத்தம் தவிர மற்றதைக் கலந்து குக்கரில் வைப்பார்கள். ஆட்டோகிளேவ் என்றால் மிரள வேண்டாம், அது குக்கரேதான். ஓசூர் சிப்காட்டில் பிரஸ்டீஜ் குக்கர் செய்கிறார்கள், அதனால் இந்த ஊருக்கு இதை விளக்கவே தேவையில்லை. இரண்டிலும் காற்றழுத்தத்துக்கு மேல் 15 பவுண்டு, இரண்டிலும் 121 டிகிரியை ஒட்டிய சூடு, லேபில் 15 நிமிடம். 'ஆவி நேராகப் பீறிட்டு வந்த பிறகு வெயிட் போடு' என்று அம்மா சொல்வாரே, அந்த விதியும் இரண்டுக்கும் ஒன்றுதான். உள்ளே காற்று தங்கினால் முள் 15 பவுண்டு காட்டும், சூடு மட்டும் ஏறியிருக்காது.

இங்கே ஓசூருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. இந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரின் 15 பவுண்டு என்பது வெளிக்காற்றுக்கு மேலே சேரும் அழுத்தம். சென்னையில் 121 டிகிரி கொடுக்கும் அதே 15 பவுண்டு ஓசூரில் 119 சுமார்தான் கொடுக்கும். பருப்பு வேக ஒரு விசில் கூட வைத்தால் முடிந்தது. ஆனால் சில பாக்டீரியாக்கள் கெட்டிக் கூடு கட்டிக்கொண்டு வித்தாக உறங்கும். அவற்றுக்கு 121 என்றால் 121. அதனால் விவரம் தெரிந்தவர் அழுத்த முள்ளை நம்பாமல் வெப்பமானியைப் பார்ப்பார், ஒன்றரைப் பவுண்டு கூட்டி வைப்பார். சூட்டுக்கு அஞ்சாத ஒரு கிருமியின் வித்துகளைத் தடவிய காகிதத்தை வேண்டுமென்றே உள்ளே வைத்து, வெந்த பிறகு அது செத்ததா என்று வளர்த்துப் பார்ப்பதும் உண்டு. சோற்றுப் பதம் பார்ப்பது போல, இங்கே சாவுப் பதம்.

வெந்த கலவை 50 டிகிரிக்கு ஆறியதும் தட்டில் ஊற்றி உறைய விடுகிறார்கள். மெல்லிய கம்பி வளையம் ஒன்றைத் தீயில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, சிறுநீரில் தோய்த்துத் தட்டில் இழுப்பார்கள். அந்த வளையம் மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே ஏந்தும், அதனால் மறுநாள் தட்டில் 100 குவியல் முளைத்தால் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்று கணக்கு. பல கிருமிகள் கலந்து கிடக்கும் மாதிரியைப் பிரிக்க வேறு விதமாக இழுப்பார்கள். முதல் மூலையில் நெருக்கமாக, அடுத்ததில் கொஞ்சம் கலைத்து, கடைசி மூலையில் மாவு தீர்ந்துபோன கையால் போட்ட கோலம் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும். தனியாக விழுந்த ஒரு புள்ளியிலிருந்து முளைக்கும் குவியல் முழுக்க ஒரே வம்சம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பது தடையில்லாமல் நடந்தால், பத்து மணி நேரத்தில் ஒன்று 107 கோடி.

தட்டுகளில் எனக்குப் பிடித்தது மெக்கான்கி. அதில் பித்த உப்பு போட்டிருப்பார்கள். ஊறுகாயில் உப்பு கண்ட கண்டதை அண்டவிடாமல் தடுப்பது போல, குடலில் வாழப் பழகிய கூட்டத்தைத் தவிர மற்றதைப் பெரும்பாலும் அது விரட்டிவிடும். கூடவே பால் சர்க்கரையும், புளித்தால் நிறம் மாறும் ஒரு சாயமும். ஈ.கோலை பால் சர்க்கரையைப் புளிக்க வைக்கும், அதன் குவியல் ரோஜா நிறத்தில் நிற்கும். டைபாய்டு கிருமிக்கு அந்தச் சர்க்கரை செரிக்காது, அதன் குவியல் நிறமில்லாமல் இருக்கும். மோர் புளித்ததா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பதற்குப் பதிலாகக் கண்ணில் பார்க்கிற ஏற்பாடு.

இதற்குள் ஒரு ராத்திரி போயிற்று. யார் என்று தெரிந்தது, ஆனால் எந்த மருந்துக்கு அடங்குவான் என்று தெரியவில்லை. அதற்குத்தான் இன்னொரு ராத்திரி. கவுன்டரில் சொல்லும் 'மூணு நாள்' என்பது உண்மையில் அடுத்தடுத்து இரண்டு தடவை புளிக்க வைக்கும் நேரம்.

வளர்ந்த குவியலை உப்பு நீரில் கரைத்து, அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் மாதிரிக் கலங்கலாக்குவார்கள். கண் மதிப்பு இல்லை, பக்கத்தில் அளவுக் கலங்கல் ஒன்றை வைத்து ஒப்பிட வேண்டும். மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 15 கோடி கிருமி. அதைத் தட்டு முழுக்கப் பூசி, மருந்தில் நனைத்த பொட்டு அளவுக் காகித வில்லைகளை வைப்பார்கள். மருந்து வில்லையிலிருந்து சுற்றிலும் ஊறிப் பரவும். அடங்குகிற கிருமி வில்லையைச் சுற்றி வளராது, அங்கே தெளிந்த வட்டம் விழும். அடங்காதது வில்லையின் விளிம்பு வரை வந்து மொய்க்கும். பாவர், கிர்பி முதலானோர் 1966-ல் ஒழுங்குபடுத்திய முறை இது. தட்டின் கனம் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஊத்தப்பம் மாதிரித் தடித்தால் மருந்து ஆழத்தில் இறங்கி வட்டம் சிறுக்கும், பேப்பர் ரோஸ்ட் மாதிரி மெலிந்தால் வட்டம் பெருக்கும், இரண்டும் பொய். தட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, குணம் தெரிந்த ஒரு ஈ.கோலையைப் பாதுகாத்து வைத்திருந்து அவ்வப்போது ஓட்டிப் பார்ப்பார்கள். நம்பிக்கையான வீட்டிலிருந்து வாங்கி வந்த உறைமோர் போல.

வட்டம் பெரிதாக இருக்கும் மருந்துதான் நல்ல மருந்து என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் அளவுகோல் தனி. உப்பையும் மிளகாயையும் ஒரே கரண்டியால் அளந்து எது அதிகம் என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். இந்த முறைக்கு அகப்படாத மருந்தும் உண்டு. கொலிஸ்டின் பெரிய மூலக்கூறு, கடல்பாசியில் சரியாக ஊறாது. அதை வில்லை வைத்துச் சோதித்தால் ஏமாந்துபோவோம், திரவத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்துதான் பார்க்க வேண்டும். கோழித் தீவனத்தில் சேர்த்துக்கொண்டிருந்த இதை, கடைசியாகக் கையில் மிச்சமிருக்கும் மருந்துகளில் ஒன்று என்பதால், கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் இந்திய அரசு தடை போட்டது. கோழிப் பண்ணைகள் நிறைந்த இந்தப் பக்கத்துக்கு அது தூரத்துச் செய்தி இல்லை.

மூன்று நாள் அதிகம் என்கிறவர்கள் காசநோய்க் கல்ச்சரைப் பார்க்க வேண்டும். அந்தக் கிருமி இரட்டிக்கவே ஒரு நாள் சுமார் ஆகும். அதன் சாப்பாடு அசல் சமையல்: முட்டையை அடித்து, கிளிசரினும் பச்சைச் சாயமும் கலந்து, குப்பியைச் சாய்த்து வைத்து 80 டிகிரி சூட்டில் கெட்டியாக்குவார்கள். பச்சை நிற முட்டைப் பணியாரம். அதில் எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டும். இப்போது மரபணுவைத் தேடும் இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்கிறது. ஆனால் செத்த கிருமியின் மரபணுவும் அதற்கு மரபணுதான். சிகிச்சையில் இருப்பவரிடம் உயிரோடு எதுவும் மிச்சமா என்று கேட்டால் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு ஒன்று நின்றது இந்த மாதிரிக் கல்ச்சரின் மேல்தான். காசநோய் என்றால் தாம்பரம் சானட்டோரியம், படுக்கை, பால், முட்டை, நல்ல காற்று என்று இருந்த காலம். படுக்கைகளோ போதவில்லை. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கும் மையம், நகரத்து ஏழை நோயாளிகளைச் சீட்டுப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தது. ஒரு கூட்டம் சானட்டோரியத்தில், இன்னொரு கூட்டம் சொந்தக் குடிசையில், இருவருக்கும் அதே மாத்திரை, ஒரு வருடம். சானட்டோரியத்துச் சாப்பாடு நன்றாக இருந்தது, அங்கே இருந்தவர்கள் எடையும் அதிகம் ஏறினார்கள். ஆனால் கேள்வி யார் தேறிப் பூசினாற்போல் இருக்கிறார் என்பது இல்லை, யாருடைய சளியில் கிருமி வளரவில்லை என்பது. இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே வந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-ல் முடிவு வெளியானது. சானட்டோரியம் கட்டாயம் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க ஆட்டம் கண்டது.

மூன்றாம் நாள் மாலை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். கவுன்டர் அக்கா தெரிந்தவர்தான், உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். பார்த்து முடித்த தட்டுகள் அடுக்கி இருந்தன, ரோஜா நிறக் குவியல்களோடு. அவற்றைப் பையில் கட்டி, குப்பைக்கு அனுப்பும் முன் மறுபடி ஆட்டோகிளேவில் ஏற்றினார். ஆவி வரும்வரை நின்றார், வெப்பமானியைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை கிளம்பியது, சொல்லி மாளாது.

"அந்தப் பொண்ணு வந்து வாங்கிட்டுப் போச்சா?" என்றேன்.

"இல்லண்ணா, ஓவர்டைமாம். ஃபோன்ல சொன்னேன். மாத்திரை கேக்கும், ஊசி வேணாம்." மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். "வெளிய நில்லுங்கண்ணா, இது இன்னும் இருபது நிமிஷம் வேகணும்."