வெடி ஓய்ந்தது, முரசு ஓயவில்லை

சீனப் புத்தாண்டு நாட்களில் ஜாலான் புசாரில் முரசு அதிர்ந்தால் பக்கத்திலுள்ள லிட்டில் இந்தியாவிலிருந்து நம்மவர்களும் எட்டிப் பார்ப்பதுண்டு. சிங்கம் ஏன் கீரையைக் கடித்துத் துப்புகிறது, எதற்கு இத்தனை சத்தம் என்று கேட்டால்தான் பலருக்கும் பதில் தெரிவதில்லை.

சீனக் காடுகளில் சிங்கம் கிடையாது. மேற்கு நாடுகளிலிருந்து மன்னர்களுக்குப் பரிசாக வந்த விலங்கு அது. நாளடைவில் தீமையை விரட்டும் காவல் உருவமாகிவிட்டது. சிங்க நடனத்தில் ஒருவர் தலையைத் தாங்குவார். இன்னொருவர் குனிந்தபடி உடலும் வாலும் ஆவார். புதிய சிங்கத்துக்குச் செஞ்சாந்தால் கண் திறந்த பிறகே ஆட்டம் தொடங்கும். நம் கோயில் சிலைகளுக்குக் கண் திறப்பதைப் போன்ற சடங்கு இது.

கடைக்காரர் வாசலில் கீரையையும் அங்பாவையும் கட்டித் தொங்கவிடுவார். அந்தக் கீரையின் கேண்டனீஸ் பெயர், ‘செல்வம் பெருகட்டும்’ என்ற பொருள்படும் சொல்லைப் போலவே ஒலிக்கும். சிங்கம் அங்பாவை விழுங்கிவிட்டு இலைகளை வாரி இறைக்கும். கடைக்கு வளம் சேரும் என்பது நம்பிக்கை.

சத்தத்துக்கும் காரணம் உண்டு. ‘நியன்’ என்ற கொடிய விலங்கை மக்கள் வெடியாலும் சிவப்பு நிறத்தாலும் விரட்டினார்கள் என்பது பழங்கதை. அதனால் ஒரு காலத்தில் சிங்கமும் பட்டாசும் சேர்ந்தே வந்தன. 1970ஆம் ஆண்டுப் புத்தாண்டின்போது நேர்ந்த பட்டாசு விபத்துகளில் 6 பேர் மாண்டனர். 1972இல் சிங்கப்பூர் அரசு பட்டாசுக்கு முழுத் தடை விதித்தது. தடை தீபாவளி வெடிகளையும் விட்டுவைக்கவில்லை. நமக்குக் கம்பி மத்தாப்பு மிஞ்சியது. அவர்களுக்கு முரசு மிஞ்சியது.

வெடியில்லாத புத்தாண்டு களையிழந்துவிடுமோ என்ற கவலை எழுந்தது. அதைப் போக்க 1973இல் முதல் சிங்கே ஊர்வலம் ஜாலான் புசாரிலிருந்து ஊட்ரம் வரை சென்றது. பின்னாளில் மலாய், இந்தியக் கலைஞர்களும் அதில் இணைந்தார்கள். ஓர் இனத்தாரின் இழப்பை ஈடுகட்டப் பிறந்த விழா, எல்லாருக்கும் பொதுவாகிப் போனது.

அடுத்த முறை சிங்கம் ஆடும்போது முரசு அடிப்பவரையும் கவனியுங்கள். அவர் கண் முரசில் இருக்காது. சிங்கத்தின் தலைமீதே இருக்கும். அது தயங்கினால் அடி மெதுவாகும், துள்ளினால் முழங்கும். பட்டாசு இல்லாமலும் அந்தச் சிங்கத்துக்கு உயிர் கொடுப்பது அந்தக் கைகள்தான்.