நேர்முக வர்ணனை: எல்லேத் திடலிலிருந்து வானொலி வரை

நேர்முக வர்ணனை என்பது ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அதைச் சொல்லிக்கொண்டு போகும் தொழில். மறுநாள் பத்திரிகைக்கு எழுதுபவருக்கு ஆட்டத்தின் முடிவு தெரியும். வர்ணனையாளருக்கு அடுத்த நொடிகூடத் தெரியாது.

இலங்கையின் வன்னியில் இத்தொழிலின் முதல் மேடை பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிதான். கொட்டகையின் கீழ் ஒலிவாங்கியோடு நிற்கும் ஆசிரியரே அங்கு வர்ணனையாளர். அடுத்த மேடை, கழகங்கள் நடத்தும் உதைபந்தாட்ட, மென்பந்துச் சுற்றுப்போட்டிகளும் மாட்டுவண்டிச் சவாரித் திடல்களும். இங்கெல்லாம் கேட்பவர் ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயரைச் சரியாகச் சொல்லிக் கூட்டத்தைச் சூடாக வைத்திருந்தால் போதும். வானொலியில் அது போதாது. 1990களில் மின்சாரம் இல்லாமல், பற்றரியும் கிடைக்காமல் இருந்த வன்னியில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அப்படிக் கேட்பவருக்கு அந்தக் குரலைத் தவிர வேறு மைதானம் இல்லை.

வர்ணிக்கக் கடினமான ஆட்டங்களில் ஒன்று எல்லே. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடும் இலங்கையின் பழைய கிராமிய ஆட்டம் அது. அடிப்பவருக்கு மூன்று வாய்ப்புகள். அடித்த பந்தை எதிரணி பிடித்தாலும், ஓடுபவர் மேல் பந்தை எறிந்து பட வைத்தாலும் அவர் ஆட்டமிழப்பார். பந்து ஒரு பக்கம் போக, ஆள் இன்னொரு பக்கம் ஓடுகிறார். வர்ணனையாளருக்கு வாய் ஒன்றுதான். முதலில் பந்து எங்கே என்று சொல்வதா, ஓடுபவர் எங்கே என்று சொல்வதா? அமெரிக்காவின் பேஸ்போலிலும் இதே சிக்கல்தான். அங்கு அதைத் தீர்ப்பதே ஒரு முழுநேரத் தொழிலாக வளர்ந்தது.

1921 ஓகஸ்ட் 5 அன்று பிற்ஸ்பேர்க் நகரின் கே.டி.கே.ஏ. வானொலியில் ஹரல்ட் ஆர்லின் முதல் பேஸ்போல் வர்ணனையைச் செய்தார். வெளியூர் ஆட்டங்களுக்கு ஆள் அனுப்ப வசதியில்லாத நிலையங்கள், தந்தியில் வந்த சுருக்கக் குறிப்பை வைத்தே ஆட்டத்தை நேரில் பார்ப்பதுபோல் வர்ணித்தன. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் 1930களில் அயோவா மாநிலத்தில் செய்தது இந்த வேலைதான். ஒருமுறை தந்தி நின்றுபோக, அது திரும்பி வரும்வரை அடிப்பவர் பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிக்கொண்டே இருப்பதாகக் கற்பனையில் ஓட்டியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

புரூக்ளின் டொட்ஜர்ஸ் அணியின் வர்ணனையாளர் ரெட் பார்பர் தன் முன்னால் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை வைத்திருந்தார். மணல் இறங்கி முடியும் ஒவ்வொரு முறையும் புள்ளி நிலையைச் சொல்லிவிட்டு அதைக் கவிழ்த்து வைப்பார். வானொலியை இடையில் திருப்பியவர் முதலில் தேடுவது புள்ளி நிலையைத்தான். எத்தனையோ வர்ணனைகள் தவறவிடும் சின்ன விடயம் இது.

தமிழில் வர்ணிப்பவருக்குத் தனியான ஒரு கஷ்டம் உண்டு. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ‘இடதுகைத் துடுப்பாட்டக்காரர் அளவு குறைந்து வந்த பந்தைப் பின்காலில் நின்று எல்லைக்கோட்டை நோக்கி அடித்தார்’ என்று எழுதலாம். ஒலிவாங்கியில் அப்படிச் சொன்னால், ‘அடித்தார்’ வந்து சேருமுன் பந்து எல்லையைத் தாண்டியிருக்கும். அதனால் தேர்ந்தவர்கள் வாக்கியத்தை உடைத்துக்கொள்கிறார்கள்: ‘வீசுகிறார். அடித்தார். உயரமான அடி. கீழே ஒருவர் ஓடி வருகிறார். பிடித்துவிட்டார்.’ ஓர் அசைவுக்கு ஒரு வினை. ஆளும் காலமும் வினைமுற்றுக்குள்ளேயே இருப்பதால் எழுவாயை விட்டுவிடலாம். இந்த வேலைக்குத் தமிழ் தரும் பெரிய கொடை அது.

தமிழில் கிரிக்கெட்டை வர்ணித்தவர்களுள் முக்கியமானவர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். 1980களில் சென்னை வானொலியின் தமிழ் வர்ணனைகளில் ஒலித்த குரல் அவருடையது. வானொலி அண்ணாவாக அறியப்பட்ட கூத்தபிரானும் அதே காலத்தில் வர்ணனை செய்தார். ஆடுகளத்தின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடுவதும் அவர்கள் வேலையில் ஒரு பாதி. இலங்கைத் தமிழ் இதில் தன் வழியில் நடந்தது. தமிழ்நாட்டார் ‘ரன்’ என்னும் இடத்தில் இங்கு ‘ஓட்டம்’. அங்கு கால்பந்து, இங்கு உதைபந்தாட்டம். ‘துடுப்பாட்டம்’, ‘களத்தடுப்பு’ போன்றவை வன்னிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகச் சொற்கள் அல்ல, திடலில் கத்தும் சொற்கள்.

தொழிலின் பெரும்பகுதி ஒலிவாங்கிக்கு வெளியே நடக்கிறது. ஆட்டத்துக்கு முன் இரு அணிகளின் பட்டியலையும் வாங்கி, பெயர்களை உரியவர்களிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். புள்ளிப் புத்தகத்தைத் தானே எழுதத் தெரிய வேண்டும். பேஸ்போலில் களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் இட எண் உண்டு. 6-4-3 என்று குறித்தால் பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது முழுவதும் வந்துவிடும்.

பேச்சை நிறுத்துவதும் பயிலவேண்டிய ஒன்று. 1950 முதல் 2016 வரை டொட்ஜர்ஸ் அணிக்காக 67 பருவங்கள் வர்ணித்த வின் ஸ்கல்லி இதில் தேர்ந்தவர். 1974 ஏப்ரல் 8 அன்று பேஸ்போல் வீரர் ஹாங்க் ஆரன் 715ஆவது ஹோம்ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையைக் கடந்தபோது, பந்து வேலிக்கு அப்பால் போனதை மட்டும் சொல்லிவிட்டு ஸ்கல்லி வாயை மூடிக்கொண்டார். நீண்ட நேரம் கூட்டத்தின் ஆரவாரம் மட்டுமே ஒலித்தது.