தூதரகம் திறந்தால் சந்தை திறக்குமா?

2023 மார்ச் மாதம் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ் தைவானோடு உறவை முறித்துக்கொண்டு பெய்ஜிங்கின் கையைப் பிடித்தது. சீனக் குடியரசு என்பது தைவான் அரசின் அதிகாரப்பூர்வப் பெயர். அந்த அரசோடு ஹோண்டுராஸுக்கு 1941 முதல் தொடர்பு இருந்தது. 140 கோடி மக்களின் சந்தை திறக்கப்போகிறது என்று அதிபர் சியோமாரா காஸ்ட்ரோவின் அரசு நம்பியது. முதல் அடி விழுந்தது இறால் பண்ணைகளில். தடையற்ற வணிக ஒப்பந்தத்தின்படி தைவானுக்குள் வரியில்லாமல் போய்க்கொண்டிருந்த ஹோண்டுராஸ் இறால், அந்த ஒப்பந்தம் ரத்தானதும் வழக்கமான வாடிக்கையாளரை இழந்தது. பண்ணைகள் மூடப்பட்டன, வேலைகள் போயின. சீனா வாங்க மறுக்கவில்லை. ஆனால் தைவான் கொடுத்த விலையை அது கொடுக்கவில்லை.

கொடுக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. சீனாவுக்கு மிக அதிகமாக இறால் அனுப்பும் நாடு ஈக்வடார். அங்கே வளர்வதும் ஹோண்டுராஸில் வளர்வதும் ஒரே வனாமி இறால்தான் (நாகப்பட்டினம் பக்கத்துப் பண்ணைகளில் நாம் வளர்ப்பதும் அதுவே). ஈக்வடார் மலைபோல் குவிக்கும் சரக்கின் விலையோடு சின்னஞ்சிறு ஹோண்டுராஸ் போட்டியிட முடியாது. தூதரகம் என்பது ஒரு வாசல். வாசல் திறந்த பிறகு உள்ளே விற்பனையாவது, கையில் என்ன சரக்கு இருக்கிறது, பக்கத்துக் கடைக்காரர் அதை என்ன விலைக்குத் தருகிறார் என்பதைப் பொறுத்தது.

‘தைவான் சந்தை மட்டும் என்ன, அதுவும் ராஜதந்திரம் தந்ததுதானே?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தைவானை அங்கீகரிக்கும் நாடுகள் உலகில் ஒரு டஜன்தான். அவற்றில் ஒவ்வொன்றும் அதற்கு விலைமதிப்புள்ளது. அதனால்தான் இறாலுக்கும் இறைச்சிக்கும் சலுகை தருகிறது. பெய்ஜிங்குக்கும் அதே கணக்கு உண்டு, ஆனால் ஒரு நாடு இந்தப் பக்கம் தாவும் நாள்வரைதான். தாவிய மறுநாள் அந்த நாடு வரிசையில் நிற்கும் இன்னொரு விற்பனையாளர், அவ்வளவே. பேரம் பேசுவதற்கு இருந்த ஒரே பொருளை ஹோண்டுராஸ் முதல் நாளே கொடுத்துவிட்டது.

இதே கதையின் முந்தைய அத்தியாயம் கோஸ்டாரிகா. 2007-ல் அதிபர் ஆஸ்கார் அரியாஸ் பெய்ஜிங் பக்கம் திரும்பினார். சீனா 30 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களை வாங்கியது. தலைநகர் சான் ஹோசேயில் ஒரு தேசிய விளையாட்டரங்கமும் எழுந்தது. 2011-ல் தடையற்ற வணிக ஒப்பந்தமும் அமலுக்கு வந்தது. இதைவிட நெருக்கமான உறவு வேண்டுமா? ஆனால் சீனாவுக்கு அந்நாடு அனுப்பியதில் பெரும்பங்கு இன்டெல் ஆலையில் தயாரான கணினிச் சில்லுகள். 2014-ல் அந்த ஆலையின் உற்பத்திப் பிரிவை மூடி ஆசியாவுக்கு மாற்ற இன்டெல் முடிவெடுத்ததும், சீனாவுக்கான ஏற்றுமதி சரிந்தது. தூதரகமும் அரங்கமும் ஒப்பந்தமும் அப்படியேதான் இருந்தன.

சிலியைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. 1970-ல், தென் அமெரிக்காவிலேயே முதலாவதாக, சிலி பெய்ஜிங்கை அங்கீகரித்தது. இன்று அதன் செர்ரிப் பழங்களில் பத்தில் ஒன்பது சீனாவுக்குத்தான் கப்பலேறுகின்றன. உண்மை. உறவு இல்லாவிட்டால் நோய்த்தடுப்பு ஒப்பந்தம் இல்லை, அது இல்லாமல் பழமும் இறைச்சியும் துறைமுகத்தைத் தாண்டாது. ஆனால் சீனர்களின் புத்தாண்டுக் கொண்டாட்டம் வரும் குளிர்காலத்தில் சிலியில் கோடை. அந்த நேரத்தில் அத்தனை செர்ரியைப் பறித்து அனுப்ப வேறு எவரால் முடியும்? சிலியின் செம்பும் அப்படித்தான்: வாங்குபவருக்கு அது தேவை. சிலிக்கு வாசல் பயன்பட்டதென்றால், அதன் கையில் மற்றவரிடம் இல்லாத சரக்கு இருந்தது.

பராகுவே இதற்கு நேரெதிர். 1957 முதல் தைவானோடு நிற்கும் அந்நாட்டின் மாட்டிறைச்சி சீனாவுக்குள் நுழைய முடியாது. பக்கத்திலுள்ள பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றுக்கும் மாட்டிறைச்சியில் பெரிய வாடிக்கையாளர் சீனா என்பதால் பராகுவே பண்ணையாளர்களின் ஏக்கம் புரிகிறது. அது கற்பனை இழப்பு அல்ல. ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்புவதன் விலையும் தெரிந்ததே. 2021 செப்டம்பரில் பிரேசிலில் இரண்டு மாடுகளுக்கு அரியவகைப் பைத்தியமாட்டு நோய் தென்பட்டதும், சீனாவுக்கான ஏற்றுமதி மூன்று மாதத்துக்கு மேல் நின்றது. சிலி, தைவான் என்று பல இடங்களில் விற்றுவந்த பராகுவேக்கு 2023-ன் இறுதியில் அமெரிக்கச் சந்தையும் திறந்தது. 2023 தேர்தலில் வென்ற சாந்தியாகோ பெனியா தைவானை விடவில்லை. கணக்குப் பார்த்தால் அது வெறும் பிடிவாதம் அல்ல.

ஹோண்டுராஸிலோ, 2025 தேர்தலின் இரு முக்கிய எதிர்க்கட்சி வேட்பாளர்களான நஸ்ரி அஸ்ஃபுராவும் சால்வடோர் நஸ்ரல்லாவும் தைவானோடு மீண்டும் கைகோப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். இனி இன்னொரு முறை தாவினால், முன்பு கிடைத்த விலை கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பெய்ஜிங்கின் தூதரகமே இல்லாத பராகுவேயிலோ, இறக்குமதிப் பட்டியலில் முதலிடம் சீனப் பொருள்களுக்குத்தான்.